எழுத்து வடிவில்லாத பிள்ளை



தவணை விடுமுறை விட்டு மூன்று நாளைக்குள் நாலு உம்மாமார் இன்பொக்ஸில் வந்துவிட்டார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர், மகன்ட எழுத்து வடிவில்ல. நல்ல எழுத்துப் பயிற்சிக் கொப்பி ஏதும் இருந்தாச் சொல்லுங்க." ஒருவர் கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம் நீளும். பொறுமையாக வாசியுங்கள்.

எழுத்து வடிவில்லாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சிலர் அவசரக்காரர். விளையாடப் போகிற அவசரத்தில் கிறுக்குவார்கள். "ஆறுதலா எழுதுங்க மகன்" என்றால் ஒழுங்காக எழுதிவிடுவார்கள். சிலருக்குக் கண் பார்வையில் குறை. சிலருக்கு வாசிப்பே சிக்கல். நான் சொல்லப் போவது இவர்களைப் பற்றி இல்லை. ஆறுதலாக எழுதச் சொன்னாலும், ஏசினாலும், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டினாலும் எழுத்து வராத பிள்ளையைப் பற்றி.

என் வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கிறார். தரம் 4. உம்மா, வாப்பா இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பியின் கொப்பியைத் திறந்தால் முதலில் தெரிவது ஓட்டைகள். பென்சிலை அவ்வளவு அழுத்திப் பிடிப்பான். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்திருக்கும். ஒரு எழுத்து கடலை அளவு, அடுத்தது தேங்காய் அளவு. கோட்டில் தொடங்கிய வசனம் மெல்ல மேலே ஏறி மறுகோட்டைத் தொட்டுவிடும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதி முடிக்கும் நேரத்தில் இவன் இரண்டு வரி. மறுகா கையை உதறிக்கொண்டு, "கை நோகுது டீச்சர்" என்பான்.

கொப்பியை மட்டும் பார்த்தால் சோம்பேறி என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆளைப் பார்க்க வேண்டும். சேட் பொத்தான் ஒன்று மாறித்தான் இருக்கும். சப்பாத்து லேஸை உம்மா வீட்டில் கட்டிவிட்டால் அது அவிழும் வரைக்கும்தான், அவிழ்ந்தால் மிதித்துக்கொண்டு நடப்பான். இடைவேளையில் சாப்பிட்டு எழும்பினால் மேசையில் பாதி, மடியில் பாதி. பந்து எறிந்தால் கைக்குள் வந்த பந்து நெஞ்சில் பட்டு விழும். வெட்டி ஒட்டும் வேலை என்றால் கத்தரிக்கோலைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவான். வெறும் தரையில் தடுக்கி விழுவான்.

வாயைத் திறந்தால் ஆள் வேறு. சுற்றாடல் பாடத்தில் நீர் எப்படி ஆவியாகி மழையாகிறது என்று கேட்டேன். மழை தொடங்கி வாய்க்கால், வயல், களப்பு, கடல் என்று எங்கள் ஊரையே சுற்றிக் காட்டிவிட்டான். அதே பாடத்துக்குத் தவணைப் பரீட்சையில் எழுதி எடுத்தது 31 புள்ளி. மேலே இருந்த கேள்விகளுக்கு மட்டும் ஒன்றிரண்டு சொல்லில் விடை. பிற்பகுதி வெறுமை. பரீட்சை முடிந்த மறுநாள் அதே வினாத்தாளை வைத்து வாயால் கேட்டேன். எண்பதைத் தாண்டியது.

31க்கும் 80க்கும் இடையில் உள்ளதுதான் இந்தப் பதிவின் விஷயம். அந்த வினாத்தாள் அளந்தது தம்பியின் சுற்றாடல் அறிவையா, அவனுடைய விரல்களையா?

இப்படிப்பட்ட நிலைக்கு டிஸ்பிராக்ஸியா என்று பெயர். வைத்தியர்கள் டி.சி.டி. என்று எழுதுவார்கள். தமிழில் வளர்ச்சிசார் இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு எனலாம். பெயர் நீளமாக இருப்பதால் பயப்பட வேண்டாம். விஷயம் இதுதான்: கையில் பலமும் இருக்கிறது, மூளையில் அறிவும் இருக்கிறது. ஆனால் "இந்தக் கோட்டை இப்படித் தொடங்கி இப்படி வளை" என்று மூளை திட்டம் போட்டுக் கைக்கு அனுப்பும் வேலை சீராக நடப்பதில்லை. உங்களுக்கும் எனக்கும் "அ" எழுத யோசனையே தேவையில்லை, கை தன்பாட்டில் போகும். இவர்களுக்கு நூறாவது "அ"வும் முதலாவது "அ" மாதிரித்தான். புத்திக் குறைவு இல்லை, வளர்ப்புக் குறை இல்லை, சோம்பலும் இல்லை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5, 6 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியென்றால் எங்கள் வகுப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒருவராவது இருக்கக் கூடும். ஆண் பிள்ளைகளில்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. பெண் பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்வாங்கில் இருந்துவிடுவதால் பலர் தப்பிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஹரி பொட்டர் படத்தில் நடித்த டேனியல் ரட்கிளிஃபுக்கும் இது இருக்கிறது, அவரே வெளியில் சொல்லியிருக்கிறார். சப்பாத்து லேஸ் கட்டுவது அவருக்கும் கஷ்டமாம். தம்பியிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கிட்ட மந்திரக்கோல் இருக்குதானே டீச்சர்" என்றான்.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலையில் தமிழ். இரண்டாம் மொழியாகச் சிங்களம், எல்லாமே வட்டமும் வளைவும். பிறகு ஆங்கிலம், அதிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. பின்னேரம் ஓதப்பள்ளியில் அறபு, அது வலமிருந்து இடம். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் நாலு எழுத்து, இரண்டு திசை. சாதாரணப் பிள்ளை இதைச் சமாளித்துவிடுகிறது. மாஷா அல்லாஹ், உண்மையில் பெரிய விஷயம். கை சொல் கேட்காத பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் என்ன நடந்தது என்று உம்மா பிறகுதான் சொன்னார். ஒவ்வொரு இரவும் ஒரு பக்கம் பார்த்தெழுத வேண்டும் என்று சட்டம். பிழைத்தால் பத்துத் தடவை. பத்து மணி வரைக்கும் அழுகை. மூத்தம்மா கண்ணூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதிக் கொடுத்திருக்கிறார். கடைசியில் ஞாயிறு இரவானால் தம்பிக்கு வயிற்று வலி. வெள்ளி பின்னேரம் வலி இருக்காது.

பத்துத் தடவை எழுத வைப்பது பற்றி என் கருத்தை நேராகவே சொல்கிறேன், சக ஆசிரியர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு அது மருந்தே இல்லை. பிழையான முறையில் பத்துத் தடவை எழுதினால் பிழையான முறைதான் பத்துத் தடவை பழகும். களைத்த கை ஒவ்வொரு தடவையும் முன்னதை விட மோசமாக எழுதும். வேண்டுமானால் கொப்பியைப் பாருங்கள், முதல் வரி கடைசி வரியை விட நன்றாக இருக்கும்.

தம்பியின் வாப்பா ஓடாவியார். ஊரில் பாதி வீட்டின் கதவு, ஜன்னல் அவர் கை பட்டதுதான். அவ்வளவு நுட்பமான கை. அதனால்தானோ என்னவோ மகனின் கையை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் வந்து, "படிப்பு ஏறாது டீச்சர். அடுத்த வருஷம் ஸ்கொலசிப். மானம் போறதுக்கு முதல் ஹிப்ழுல சேர்க்கப் போறன். அங்க எழுத்து வேல இல்லதானே" என்றார்.

ஹிப்ழு செய்வது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை ஆசைப்பட்டுப் போனால் முதலில் சந்தோஷப்படுகிற ஆள் நான். ஆனால் இங்கே கதை வேறு. எழுத்து வரவில்லை என்பதற்காகப் பள்ளிக்கூடத்தால் தள்ளிவிடப்படுகிற பிள்ளையாக அவன் அங்கே போகப் போகிறான். தான் மக்கு என்ற எண்ணத்தையும் கூடவே கொண்டு போவான்.

நான் அவரிடம் வாதாடவில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் கொடுத்து, இடக்கையால் எழுதச் சொன்னேன். சிரித்தார். "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க" என்று அவருடைய தொழிலையே சொன்னேன். ஜன்னல் நிலை நாலரை அடி உயரம், மூன்றடி அகலம், இரண்டு கதவு, நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், கண்ணாடிக்குத் தவாளிப்பு... சாதாரண வேகத்தில்தான் சொன்னேன். இரண்டாவது வரியில் பேனையை நிறுத்திவிட்டார். "அகலம் எத்தன அடி சொன்னன்?" என்று கேட்டேன். தெரியவில்லை. ஓடாவியாருக்கு ஜன்னல் அளவு நினைவில்லை.

"எழுத்துலேயே கவனம் போய்ட்டு டீச்சர்."

கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப இவனுக்கு வலக்கையே இடக்கை மாதிரியா?"

நான் அரை மணி நேரம் விளக்க நினைத்ததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி. ஆசிரியருக்குச் சந்தேகம் வரலாம், பெயர் வைக்கும் உரிமை வைத்தியருக்குத்தான். சிறுபிள்ளை வைத்திய நிபுணர் கண், காது, தசை, நரம்பு எல்லாவற்றையும் பார்த்தார், வேறு காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இது முக்கியம். கவனக் குறைபாடும் வாசிப்புச் சிக்கலும் சில பிள்ளைகளுக்கு இதோடு சேர்ந்தே இருக்கும். முன்பு நன்றாக எழுதிய பிள்ளைக்குத் திடீரென்று கை தடுமாறினால் அது இதுவல்ல, உடனே காட்ட வேண்டும். பிறகு தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். ஒக்குபேஷனல் தெரபி என்பார்கள். பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, காசு இல்லை. முறை கிடைக்கக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே இருந்த சிகிச்சையாளர் முதலில் தம்பியிடமே கேட்டிருக்கிறார், "உங்களுக்கு எதைச் செய்யப் பழக விருப்பம்?" என்று. உம்மா "எழுத்து" என்று சொல்ல வாயெடுக்க, தம்பி முந்திக்கொண்டு, "சேட் பொத்தான்" என்றானாம். வகுப்பில் அதுக்குத்தான் சிரிக்கிறார்களாம். இரண்டாவது, கொப்பி மட்டையில் தன் பெயரை மற்றவர்கள் வாசிக்கிற மாதிரி எழுத வேண்டும்.

கனடாவில் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் உருவாக்கிய முறை ஒன்று இருக்கிறது. இலக்கு, திட்டம், செய், சரிபார். நாலே சொல். என்ன செய்யப் போகிறேன், எப்படிச் செய்யப் போகிறேன், செய்கிறேன், திட்டம் சரிவந்ததா என்று பார்க்கிறேன். பெரியவர் பதிலைச் சொல்லக் கூடாது, பிள்ளையே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பொத்தான் ஏன் மாறுகிறது என்று தம்பியே கண்டுபிடித்தான்: மேலேயிருந்து தொடங்குவதால். கீழேயிருந்து தொடங்கினால் ஓரம் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். பதினைந்து நாளில் சரிவந்தது.

களி உருட்டுதல், மணி கோர்த்தல் எல்லாம் நல்ல விளையாட்டு, செய்யட்டும். ஆனால் அதைச் செய்தால் எழுத்து தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். எதைப் பழக வேண்டுமோ அதையே சின்னத் துண்டுகளாக்கிப் பழக்குவதுதான் பயன் தருகிறது. 2019இல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டலும் அப்படித்தான் சொல்கிறது. எழுத்துக்கு எழுத்துதான் பயிற்சி, அளவோடு.

வகுப்பில் நான் செய்வதைச் சொல்கிறேன். 36 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இது முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

முதலில் இருக்கை. தம்பியின் கால் நிலத்தில் படாமல் தொங்கியது. தொங்கும் காலோடு யாராலும் வடிவாக எழுத முடியாது, உடம்பு விழாமல் பிடிப்பதிலேயே பாதிப் பலம் போய்விடும். வாப்பாவிடம் ஒரு கால் பலகை கேட்டேன். அவர் கால் பலகையோடு, சிகிச்சையாளர் சொன்னபடி ஒரு சாய்வுப் பலகையும் செய்துகொண்டு வந்தார். பதினைந்து அங்குலப் பலகை, பின்பக்கம் ஐந்து அங்குலம் உயரம், கொப்பி வழுக்காமல் கீழே ஒரு சட்டம். ஓரங்களை உரசி எண்ணெய் பூசி, வீட்டுக்காரிக்கு அலுமாரி செய்கிற மாதிரிச் செய்திருந்தார். அதில் கொப்பியை வைத்தால் மணிக்கட்டு தானாகச் சரியான இடத்துக்கு வருகிறது. தலையும் மேசைக்குள் புதைவதில்லை.

அடுத்தது எழுத்துகளை அகரவரிசையில் பழக்காமல் கையின் அசைவுப்படி பழக்குவது. ட, ப இரண்டும் நேர்கோடுதான். அதிலிருந்து ம, ய. சுழி எழுத்துகள் பிறகு. எழுதும்போது வாயால் சொல்லிக்கொண்டே எழுதுவான், "கீழ, பக்கம், மேல" என்று. "ண" வந்தால் சுழியை எண்ணுவான். ஆரம்பத்தில் மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது அவர்களில் நாலைந்து பேர் தாங்களும் முணுமுணுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். நாளுக்கு மூன்று சொல், அதற்கு மேல் இல்லை. எழுதி முடித்ததும் மூன்றில் எது நல்லது என்று அவனே வட்டம் போட வேண்டும். சிவப்புப் பேனை என் கையில் இல்லை.

அகலக் கோட்டுக் கொப்பி, ஒரு வரி விட்டு ஒரு வரி. சொல்லுக்கு நடுவில் இடக்கை விரல் ஒன்று வைத்து இடைவெளி. கணக்குக்குச் சதுரக் கோட்டுக் கொப்பி, ஒரு சதுரத்துக்கு ஒரு இலக்கம். இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்காததால் மட்டுமே அவனுக்குக் கூட்டல் பிழைத்துக்கொண்டிருந்தது. கொப்பி மாறிய வாரத்திலேயே கூட்டல் சரி.

வெண்பலகையில் உள்ளதை முழுக்கப் பார்த்தெழுதச் சொல்வதில்லை. வெற்றிடம் விட்ட தாளைக் கொடுக்கிறேன், முக்கியமான சொற்களை மட்டும் நிரப்புவான். வகுப்புப் பரீட்சையில் பாதியை எழுதுவான், மீதியை எனக்கு வாயால் சொல்வான், நான் குறித்துக்கொள்வேன். அதிபரிடம் கேட்டுத்தான் செய்கிறேன்.

இது தெரிந்ததும் ஒரு உம்மா வந்தார், "அவனுக்கு மட்டும் ஏன் டீச்சர் சலுகை? எங்கட பிள்ளையும் வாயாலயே சொல்லட்டுமே" என்று. கோபம் நியாயமாகத்தான் இருந்தது அவருக்கு. நான் கேட்டேன்: ஜும்ஆவுக்குப் போனால் பின் சப்பில் நாலைந்து பேர் கதிரையில் இருந்து தொழுகிறார்களே, அவர்களைப் பார்த்து "இவருக்கு மட்டும் ஏன் கதிரை" என்று யாராவது கேட்கிறார்களா? நிற்க முடியாதவர் இருந்து தொழலாம், அது குறைந்த தொழுகை இல்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சரிதான்" என்று போனார். முழு மனதோடு போனாரா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஹிப்ழு விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தம்பிக்கு ஓதிக்கொடுக்கும் மௌலவியிடம் வாப்பா போய்க் கேட்டிருக்கிறார். மௌலவி, "பிள்ளைக்கு நல்ல ஞாபக சக்தி. விருப்பப்பட்டு வந்தா நானே சேர்த்துக்குவன். பள்ளிக்கூடம் ஓடல்ல எண்டு கொண்டு வராதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓதப்பள்ளியிலும் இப்போது தம்பிக்கு எழுத்து வேலையைக் குறைத்து, வாயால் ஓதிக் காட்டச் சொல்கிறார்.

புலமைப்பரிசில் பரீட்சை பற்றியும் ஒரு வார்த்தை. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் போன்ற ஏற்பாடுகளைக் கேட்டு விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது. அதற்கு மருத்துவ அறிக்கை வேண்டும், அதிபர் ஊடாகப் போக வேண்டும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடித் திரிந்தால் நடக்காது. சந்தேகம் இருந்தால் தரம் 3, 4இலேயே ஆஸ்பத்திரியில் காட்டிக் கோப்பை ஒழுங்காக வைத்திருங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரிடம் விபரம் கேட்கலாம். சாதாரண தரம் வரைக்கும் இது தேவைப்படும், ஏனென்றால் வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்று இதை நம்பியிருக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இது கூடவே வரும். வழிகளைப் பழகிக்கொள்வார்கள்.

தம்பியின் எழுத்து இப்போது வடிவா? இல்லை. வாசிக்கலாம், அவ்வளவுதான். ஒரு மூச்சில் நாலு வரி எழுதுகிறான், ஐந்தாவதில் கை உதறுகிறான். போன தவணை சுற்றாடலில் எழுத்தும் வாயுமாக 77. ஞாயிறு இரவு வயிற்று வலி நின்றுவிட்டதாக உம்மா சொன்னார். பந்து இன்னும் நெஞ்சில்தான் படுகிறது.

இன்பொக்ஸில் கேட்ட உம்மாமாருக்கு: பயிற்சிக் கொப்பி வாங்குவதற்கு முதல், பிள்ளை பொத்தான் போடுவதை, சோறு தின்பதை, படியிறங்குவதை ஒரு வாரம் சும்மா இருந்து பாருங்கள். பார்த்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள். வகுப்பாசிரியரிடமும் கேளுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளையும் எழுதிய கொப்பி ஒன்றையும் கொண்டு போங்கள், அதுதான் அவருக்கு உதவும்.

சாய்வுப் பலகையின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். தம்பியின் வாப்பா இன்னும் இரண்டு செய்து வைத்திருக்கிறார். வெட்டி மிஞ்சின பலகைத் துண்டுதானாம், காசு வேண்டாம் என்கிறார். தேவையானவர்கள் எனக்கு எழுதுங்கள். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, காலுக்கும் நிலத்துக்கும் இடையில் எத்தனை அங்குலம் என்று அளந்து அனுப்பினால் கால் பலகையும் சேர்த்துச் செய்து தருவதாகச் சொன்னார்.